நாயின் வயிறு கெட்டால்: நோய்க்காலத்திலும் உணவு மாற்றும்போதும் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

நாய்க்கு வயிறு கெட்டுவிட்டால் வீட்டில் பெரும்பாலும் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. போக்கை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று கையில் கிடைத்த மருந்தைக் கொடுக்கிறோம். கூடவே, அதுவரை தின்ற உணவின் மீது பழியைப் போட்டுவிட்டு வேறொன்றைக் கிண்ணத்தில் வைக்கிறோம். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் மருத்துவரிடம் கொண்டுபோகும்போது, எதனால் தொடங்கியது, எதனால் கூடியது, எது கொஞ்சம் கேட்டது என்பதை யாராலும் சொல்ல முடிவதில்லை. வயிற்றுப்போக்கு ஒரு நோயல்ல, அது ஓர் அறிகுறி. ஆகவே உடம்பில் நீர் குறையாமல் காப்பது, போக்கு எங்கிருந்து வருகிறது என்று கவனிப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது ஆகிய மூன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டுதான் கீழே உள்ள ஒவ்வொரு படியையும் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியதா என்று முடிவு செய்தல்

சுறுசுறுப்பாக இருக்கும், தண்ணீர் குடிக்கும், தடுப்பூசிகள் எல்லாம் முறையாகப் போடப்பட்ட, வேறு நோய் இல்லாத வளர்ந்த நாய்க்கு ஓரிரு முறை வாந்தியோ இளகிய மலமோ வந்தால், ஒரு நாள் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். இந்த வரையறையில் ஒன்று தவறினாலும் மருத்துவரிடம் பேசிவிடுவதே சரி. குறிப்பாக, தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால் ஒரு வேளைகூடக் காத்திருக்கக் கூடாது. 1978-இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ வைரஸ், குடலின் உட்சுவரையும் வெள்ளணுக்களையும் ஒருங்கே அழிப்பது. 6 வாரம் முதல் 6 மாதம் வரையிலான குட்டிகளையே அது அதிகம் தாக்குகிறது. காலையில் சோர்ந்திருந்த குட்டி இரவுக்குள் கைவிட்டுப் போய்விடக்கூடும்.

வாந்தி எடுக்க முயன்று முயன்று எதுவும் வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருப்பதும், வயிறு உப்பி இறுகுவதும், நிலைகொள்ளாமல் அலைவதும் சேர்ந்து தெரிந்தால், இரைப்பை காற்றால் உப்பித் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டிருக்கலாம். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய இன நாய்களில் இது அதிகம். அறுவை சிகிச்சை இல்லாமல் பிழைக்காது, மணிக்கணக்கில் உயிர் போய்விடும். இதற்கு வீட்டு வைத்தியம் எதுவுமே கிடையாது.

மலம் தார்போலக் கறுத்து ஒட்டிக்கொள்வது, சிவந்த ரத்தம் கூழாக வருவது, குடித்த தண்ணீர்கூடத் தங்காதது, 24 மணி நேரத்துக்கு மேல் எதையும் தின்னாதது, எழுந்து நிற்க முடியாத சோர்வு, முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையில் வைத்துப் பின்பகுதியை மட்டும் தூக்கி நிற்பது ஆகியவையும் உடனே கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள். கடைசியாகச் சொன்ன நிலை மேல்வயிற்று வலியைக் காட்டுவது. கணைய அழற்சியில் இதைப் பலமுறை காணலாம். எலும்பு, துணி, பந்து, சோளத்தண்டு போன்றவற்றை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும், எலி மருந்தோ மனித மருந்தோ தின்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும், அறிகுறி முற்றும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் படி: உடம்பைத் தொட்டுப் பார்த்தல்

நாய் ஆரோக்கியமாக இருக்கும் ஒரு நாளிலேயே இதைப் பழகிவைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் தன் நாயின் இயல்பு நிலை தெரிந்தவருக்குத்தான் மாற்றம் கண்ணில் படும். மேலுதட்டை மெல்லத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலுள்ள ஈற்றில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரமாக, வழுவழுப்பாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, 2 வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். விரலில் ஈறு பிசுபிசுவென்று ஒட்டினால் நீர் குறைந்திருக்கிறது. வெளுத்தே நின்றால் ரத்த ஓட்டமே தளர்ந்திருக்கிறது. ஈறு இயல்பாகவே கருநிறமாக உள்ள நாய்களில், கீழ் இமையை லேசாக இறக்கி உள்பக்க நிறத்தைப் பார்க்கலாம்.

தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல இழுத்துவிட்டால் அது உடனே படிய வேண்டும். முதிய நாய்களிலும் மெலிந்த நாய்களிலும் தோல் இயல்பாகவே மெதுவாகப் படியும், கொழுத்த நாய்களில் நீர் குறைந்திருந்தும் சட்டென்று படிந்துவிடும் என்பதால், இந்த ஒன்றை மட்டும் நம்பிவிடக் கூடாது. உடல் எடையில் சுமார் 5 சதவீத நீர் போன பிறகுதான் எந்த அறிகுறியுமே கைக்குத் தெரியும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆசனவாயில் எடுக்கும் வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பானது. மனிதருக்குக் காய்ச்சலாகத் தோன்றும் அளவு நாய்க்கு இயல்பு என்பதால் பலர் வீணாகப் பதறுகிறார்கள். 39.5-ஐத் தாண்டினாலோ 37.5-க்குக் கீழே இறங்கினாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இறங்குவதுதான் இரண்டில் மோசமானது.

மூன்றாம் படி: வெளியே வந்ததைக் கவனித்தல்

அருவருப்பைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. மருத்துவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விகளில் பாதிக்கு இங்கேதான் விடை இருக்கிறது.

வாந்தி என்பது வயிறு எக்கி எக்கி வெளியே தள்ளுவது. அதற்கு முன் எச்சில் ஒழுகும், உதட்டை நக்கும், வெளிவருவதில் மஞ்சள் பித்தம் கலந்திருக்கலாம். எதுக்களிப்பு அப்படியல்ல. நாய் தலையைத் தாழ்த்தியதும், எக்குதல் எதுவும் இல்லாமல், தின்ற உணவு செரிக்காத நிலையில் குழாய் வடிவில் வழுக்கி விழுந்துவிடும். இது இரைப்பையின் கோளாறு அன்று, உணவுக்குழாயின் கோளாறு. உணவு நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்தும் இதில் உண்டு. இரண்டையும் கைப்பேசியில் ஒரு முறை படம்பிடித்து வைத்தால், அரை மணி நேர விளக்கத்தைவிட அது பயன்படும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் நுரையை மட்டும் வாந்தி எடுத்துவிட்டு அதன்பின் நன்றாகத் தின்னும் நாய்களுக்கு, இரவு படுக்கும் முன் ஒரு சிறு வேளை உணவு கொடுத்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

மலத்தில், அளவும் எண்ணிக்கையும்தான் முதல் தடயம். ஒவ்வொரு முறையும் அதிகமாகவும், நாளுக்கு மூன்று நான்கு தடவை மட்டுமாகவும், முக்கல் இல்லாமலும் போனால் கோளாறு பெரும்பாலும் சிறுகுடலில் இருக்கிறது. இது நீடித்தால் எடை குறையும், ரத்தம் வந்தால் செரித்துக் கறுத்து வரும். மாறாக, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, அவசர அவசரமாக, முக்கி முக்கி, சீதத்தோடும் சில சொட்டுச் சிவந்த ரத்தத்தோடும் போனால் அது பெருங்குடல். சிவந்த ரத்தத்தைக் கண்டு வீடே கலங்கிப்போகும். ஆனால் சுறுசுறுப்பாக உள்ள நாயின் சீதத்தில் தெரியும் இரண்டு சொட்டுச் சிவப்பைவிட, யாரும் கவனிக்காத கரிய மலம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. நேரம், தடவை, நிறம், தன்மை, அன்று தின்றது, கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதத் தொடங்க வேண்டிய இடமும் இதுதான்.

நான்காம் படி: தண்ணீர்

இயல்பான நாளில் ஒரு நாய்க்கு, உணவில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 முதல் 60 மி.லி. வரை நீர் தேவை. 10 கிலோ நாய்க்கு இது அரை லிட்டருக்குச் சற்று மேல். பேதியில் போவதை இதன்மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். வாந்தி இல்லாமல் போக்கு மட்டும் இருந்தால் தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் தடுக்கக் கூடாது. தண்ணீர் குடிப்பதால் போக்கு அதிகமாகிவிடாது. குடிக்காவிட்டால்தான் உயிருக்கு ஆபத்து.

வாந்தி இருந்தால் முறை வேறு. தாகத்தில் கிண்ணம் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு உடனே திருப்பி எடுத்துவிடும். அதோடு முன்பு இருந்த நீரும் போய்விடும். கடைசி வாந்திக்குப் பின் ஓரிரு மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு 10 கிலோ நாய்க்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவில் அரை மணிக்கு ஒரு முறை வைக்கலாம். நக்குவதற்குப் பனிக்கட்டித் துண்டு கொடுப்பதும் அளவைக் கட்டுப்படுத்தும் நல்ல வழி. வெங்காயமும் பூண்டும் உப்பும் சேர்க்காமல், தோலில்லாத கோழி இறைச்சியை வேகவைத்து, கொழுப்பு எடுத்த நீரைக் கொஞ்சம் கலந்தால், தண்ணீரை வெறுக்கும் நாயும் குடிக்கும். இரண்டு மூன்று முறை முயன்றும் தண்ணீர் தங்கவில்லை என்றால் வீட்டு முயற்சி முடிந்துவிட்டது. அடுத்தது ஊசிவழி ஏற்றும் நீர்தான். சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ள நாய்களுக்கு இந்த ஓரிரு மணி நேரத் தடையைக்கூட மருத்துவரைக் கேட்காமல் விதிக்கக் கூடாது.

ஐந்தாம் படி: பட்டினியும் பத்தியமும்

முன்பெல்லாம் ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடச் சொல்வது வழக்கமாக இருந்தது. இன்று அந்தக் கருத்து மாறியிருக்கிறது. குடலின் உட்சுவரில் உள்ள செல்கள், தங்களைக் கடந்து செல்லும் உணவிலிருந்தே நேரடியாக ஊட்டம் எடுத்துக்கொள்கின்றன. பட்டினி நீளும்போது அவை மெலிந்துபோகின்றன. பார்வோ தாக்கிய குட்டிகளிடம் செய்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், வாந்தி நிற்கும்வரை காத்திருக்காமல் மூக்கு வழிக் குழாயில் முன்கூட்டியே உணவு கொடுக்கப்பட்ட குட்டிகள், காத்திருந்தவற்றைவிட விரைவில் தேறின. எனவே போக்கு மட்டும் இருக்கும் நாயைப் பட்டினி போட வேண்டியதில்லை. வாந்தி எடுக்கும் வளர்ந்த நாய்க்கு 6 முதல் 12 மணி நேர இடைவெளி போதும். குட்டிகளுக்கும் மிகச் சிறிய இனங்களுக்கும் பட்டினியால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்பதால் அவற்றுக்கு அதுவும் கூடாது.

பத்திய உணவின் நோக்கம், கொழுப்பு குறைந்த, எளிதில் செரிக்கும், மணம் தெரிந்த ஒன்றைச் சிறு சிறு அளவில் கொடுப்பது. தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி மார்பு இறைச்சி ஒரு பங்கு, குழைய வேகவைத்த வெள்ளைச் சோறு இரண்டு பங்கு. உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் இல்லை. கோழி ஒத்துக்கொள்ளாத நாய் என்று ஏற்கனவே தெரிந்திருந்தால் கொழுப்பில்லாத வேறு இறைச்சியோ வெள்ளை மீனோ வைக்கலாம். மருத்துவர்கள் தரும் செரிமான நலத்துக்கான ஆயத்த உணவு கிடைத்தால் அது இதைவிட மேல், ஏனெனில் அதில் சத்துகள் சமநிலையில் இருக்கும்.

எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 2 முதல் 45 கிலோ வரையிலான நாய்க்கு, எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டினால், ஓய்வில் இருக்கும் உடலின் ஒரு நாள் தேவை கிலோகலோரியில் கிடைக்கும். 10 கிலோ நாய்க்கு 370. மேற்சொன்ன கலவையின் 100 கிராமில் ஏறத்தாழ 140 கிலோகலோரி இருக்கும் என்பதால், நாளுக்குச் சுமார் 260 கிராம். முதல் நாள் இதில் பாதியை எடுத்து, ஆறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 20 கிராமுக்குச் சற்று மேல் வரும்; உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு உருண்டை. பார்ப்பதற்கு மிகக் குறைவாகத் தோன்றும், நாயும் இன்னும் கேட்டு நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த உருண்டை தங்கினால் அடுத்தது, அதுவும் தங்கினால் அடுத்தது. மறுநாள் முக்கால் பங்கு, அதற்கடுத்த நாள் முழு அளவு.

பெருங்குடல் வகைப் போக்குக்குக் கரையும் நார்ச்சத்து உதவும். எதுவும் சேர்க்காமல் வேகவைத்து மசித்த பூசணியை, 10 கிலோ நாய்க்கு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மிகாமல் கலக்கலாம். சிறுகுடல் வகைப் போக்கில் இதனால் பெரிய பயன் இல்லை.

இந்தச் சோற்றுக் கலவையில் சுண்ணாம்புச் சத்து முதலிய பல சத்துகள் போதிய அளவு கிடையாது. மலம் இறுகி ஒன்றிரண்டு நாள் ஆனதும், மூன்று முதல் ஐந்து நாளில் பழைய உணவுக்கு மெல்லத் திரும்பிவிட வேண்டும். நாய் விரும்பித் தின்கிறது என்பதற்காக மாதக்கணக்கில் இதையே தொடர்வது, குறிப்பாக வளரும் குட்டிக்கு, எலும்பையே பாதிக்கும்.

ஆறாம் படி: கொடுக்கக் கூடாத மருந்துகள்

இபுபுரோஃபென், நாப்ராக்சென், பாராசிட்டமால் போன்ற மனித வலி மருந்துகளை நாய்க்கு ஒருபோதும் தானாகக் கொடுக்கக் கூடாது. இரைப்பைப் புண், சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் சேதம் என்று இவை செய்யும் கேடு, வயிற்றுப்போக்கைவிடப் பன்மடங்கு பெரியது. போக்கை நிறுத்தும் லோபரமைடு, கோலி, ஷெட்லேண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் காணப்படும் ஒரு மரபணு மாற்றத்தால் மூளைக்குள் புகுந்து மயக்கத்தை உண்டாக்கக்கூடும். எந்த இனமாக இருந்தாலும், நஞ்சோ கிருமியோ வெளியேற வேண்டிய வேளையில் குடலை அசையவிடாமல் கட்டிப்போடுவது நல்லதன்று. பிஸ்மத் கலந்த வயிற்று மருந்துகளில் ஆஸ்பிரின் வகைப் பொருள் இருக்கிறது. மேலும் அது மலத்தைக் கறுப்பாக்கி, ரத்தக்கசிவு இருக்கிறதா இல்லையா என்பதையே மறைத்துவிடும். சர்க்கரை இல்லை என்று விற்கப்படும் சிரப்புகளிலும் மிட்டாய்களிலும் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு இருந்தால், அது நாய்க்குக் கொடிய நஞ்சு.

முன்பு மிஞ்சிய மெட்ரோனிடசோல் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. திடீரென்று வரும் எளிய பேதியில் பெரும்பான்மை சில நாளில் தானாகவே சரியாகிறது; நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து அதைக் குறிப்பிடத்தக்க அளவு விரைவுபடுத்துவதில்லை, மாறாகக் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கலைத்துவிடுகிறது. 2024-இல் ஐரோப்பிய நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலும், எளிய, நடுத்தர நிலைப் பேதிக்கு இத்தகைய மருந்துகளைத் தவிர்க்கவே சொல்கிறது. காய்ச்சலும் கடும் சோர்வும் கூடிய நிலையில் மருத்துவர் எழுதிக்கொடுப்பது வேறு விஷயம்.

ஏழாம் படி: வேறொரு நோய்க்குச் சிகிச்சை நடக்கும்போது

எங்கள் வீட்டு நாய்க்கு 13 வயதில் சிறுநீரகம் பழுதானது. சிறுநீரக நோய்க்குரிய உணவை அன்று மாலையே வாங்கிவந்து, பழைய உணவை எடுத்துவிட்டுக் கிண்ணம் நிறைய வைத்தோம். அவள் கிண்ணத்தருகே வந்தாள், மூக்கை அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினாள், உதட்டை இரண்டு முறை நக்கினாள், வெறும் வாயோடு எதையோ விழுங்கினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய்ப் படுத்துவிட்டாள். பிடிவாதம் என்று நினைத்தோம். மறுநாள் விரலில் எடுத்து வாயில் தடவினோம். அதன்பிறகு அந்த உணவை அவள் கடைசிவரை தொடவே இல்லை. உதட்டை நக்குவதும் வெறும் வாயில் விழுங்குவதும் குமட்டலின் அடையாளம் என்று எனக்கு அன்று தெரிந்திருந்தால், அந்த நல்ல உணவை நான் கெடுத்திருக்க மாட்டேன்.

குமட்டல் இருக்கும் வேளையில் தின்ற, அல்லது வற்புறுத்தி ஊட்டப்பட்ட உணவை, அந்தக் குமட்டலுக்குக் காரணம் என்றே நாயின் மூளை பதிந்துகொள்கிறது. குமட்டல் போன பிறகும் வெறுப்பு போகாது. ஆகவே நோயுற்ற நாய் தின்ன மறுத்தால் முதலில் கேட்க வேண்டியது வேறு உணவு அன்று, குமட்டலைத் தணிக்கும் மருந்து. மரோபிடன்ட் போன்ற மருந்துகளை மருத்துவர் கொடுத்துக் குமட்டல் அடங்கும்வரை, நெடுநாள் தின்ன வேண்டிய சிகிச்சை உணவைக் கண்ணிலேயே காட்டாமல் இருப்பது நல்லது. மாத்திரையையும் அந்த உணவில் ஒளித்து வைக்க வேண்டாம். தனியாக ஒரு சிறு உருண்டைக்குள் வைத்துக் கொடுக்கலாம். உணவை உடல் சூட்டுக்கு இதமாகச் சூடாக்கினால் மணம் எழும். பத்து நிமிடத்தில் தின்னாவிட்டால் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். முகத்தருகே நாள் முழுக்க இருக்கும் உணவு குமட்டலை வளர்க்கும். பீச்சாங்குழலால் வாயில் கட்டாயமாகச் செலுத்துவதில் உணவு மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது. இரண்டு மூன்று நாள் போதிய உணவு உள்ளே போகவில்லை என்றால், உணவுக்குழாய்வழிக் குழாய் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் பேசலாம். அதைக் கடைசிக் கட்டம் என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

மருந்துகளே வயிற்றைக் கெடுப்பதும் உண்டு. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தொடங்கி இரண்டு நாளில் மலம் இளகினால், தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால், வயிற்றில் உணவோடு கொடுக்கும்படியோ மருந்தை மாற்றியோ சரிசெய்வார். நன்மை தரும் நுண்ணுயிர்த் தூளைச் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஓரிரு மணி நேரம் இடைவெளி விடலாம். டாக்சிசைக்ளின் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும் என்பதால், விழுங்கியதும் கொஞ்சம் உணவோ தண்ணீரோ கட்டாயம் கொடுக்க வேண்டும். கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்ற மூட்டுவலி மருந்துகளில் சட்டம் நேர்மாறானது: வாந்தி, பேதி, கரிய மலம், பசியின்மை எது தோன்றினாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். ஸ்டீராய்டை நீண்ட நாள் எடுக்கும் நாய்க்கு அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. மாத்திரையை வாந்தியில் எடுத்துவிட்டாலும் சொல்ல வேண்டும். இன்சுலின் போடும் நாய் உணவைத் தொடவில்லை என்றால், ஊசிக்கு முன் தொலைபேசி. வழக்கமான அளவைப் போட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

எட்டாம் படி: உணவை மாற்றும் முறை

நாயின் குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம், அது தினமும் தின்னும் உணவுக்கு ஏற்ப அமைந்தது. புரதமும் கொழுப்பும் நாரும் ஒரே இரவில் மாறும்போது, செரிக்காமல் பெருங்குடலை எட்டும் எச்சம் நீரை இழுத்துக்கொண்டு போக்காக வெளிவருகிறது. புதிய உணவு மட்டமானது என்பதற்கு இது சான்றாகாது, வேகம்தான் பிழை.

நல்ல ஆரோக்கியத்தில் உள்ள நாய்க்கு 7 முதல் 10 நாள் போதும். நாளுக்கு 300 கிராம் தின்னும் நாய் என்றால், முதல் இரண்டு மூன்று நாள் 225 கிராம் பழையது, 75 கிராம் புதியது. அடுத்த இரண்டு மூன்று நாள் பாதிக்குப் பாதி. அதன்பின் 75 பழையது, 225 புதியது. பிறகு முழுவதும் புதியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு உணவுகளின் கலோரி அடர்த்தி ஒன்றாக இருக்காது. பழைய உணவின் ஒரு கிண்ணத்துக்கு ஈடாகப் புதிய உணவின் ஒரு கிண்ணத்தை வைத்தால், சில வேளை நம்மை அறியாமல் பாதிக்குப் பாதி கூடுதலாக ஊட்டிவிடுவோம். அளவு மீறிய உணவே மலத்தை இளக்கும். உறையில் அச்சிட்டிருக்கும் கிலோகலோரியைப் பார்த்து எடையாக நிறுத்துக் கொடுப்பதுதான் சரியான வழி, குவளையால் அளப்பது எப்போதும் ஏமாற்றும்.

முன்பே வயிறு கெட்ட நாய்க்கும், முதிய நாய்க்கும், நோயுற்ற நாய்க்கும் இந்த அட்டவணையை 2 முதல் 4 வாரம் வரை நீட்டலாம். பத்தில் ஒரு பங்கோடு தொடங்கி, மூன்று நாளுக்கு ஒரு முறை இன்னொரு பங்கு கூட்டலாம். நடுவில் மலம் இளகினால், பதறிப்போய் முழுவதையும் பழையதற்குத் திருப்பவும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு முன்னேறவும் வேண்டாம். கடைசியாக நன்றாக இருந்த விகிதத்துக்கு ஒரு படி இறங்கி, மலம் உருண்டையாக வரும்வரை இரண்டு மூன்று நாள் அங்கேயே நின்று, பிறகு பாதிப் படியாக ஏற வேண்டும். இரண்டாம் முறையும் அதே விகிதத்தில் இளகினால், அந்த உணவில் உள்ள ஏதோ ஒன்று, பெரும்பாலும் கொழுப்பின் அளவு, இந்த நாய்க்கு ஒத்துவரவில்லை.

கணைய அழற்சியில் இருந்து தேறிய நாய்க்குப் புதிய உணவின் கொழுப்பு அளவுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஒரே ஒரு கொழுத்த இறைச்சித் துண்டு மறுபடியும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். புதிதாக வீட்டுக்கு வந்த குட்டிக்கு, முன்பு இருந்த இடத்தில் தின்ற உணவையே குறைந்தது முதல் ஒரு வாரம் தொடர வேண்டும், ஏனெனில் தாயையும் உடன்பிறப்புகளையும் பிரிந்து வந்த அதிர்ச்சியே அதன் வயிற்றைக் கலக்கப் போதுமானது. மாற்றம் நடக்கும் நாட்களில் தின்பண்டம், மெல்லும் எலும்பு, புதிய குடற்புழு மருந்து எதையும் புகுத்தாமல் இருந்தால், ஏதாவது தவறினால் காரணம் ஒன்றே ஒன்றாக இருக்கும். வீட்டில் உள்ள எல்லோரும் இதில் ஒத்துழைக்க வேண்டும். மேசைக்கு அடியில் யாரோ நீட்டிய ஒரு துண்டு, மூன்று வார உழைப்பைக் குழப்பிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாம் படி: விட்டு விட்டு வந்தால்

மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும், அல்லது மாதம் தவறாமல் திரும்பி வரும் கோளாற்றைப் பத்தியச் சோற்றால் தள்ளிக்கொண்டே போகக் கூடாது. முதலில் மலப் பரிசோதனை. கொக்கிப்புழு, சாட்டைப்புழு, ஜியார்டியா என்ற ஒரு செல் ஒட்டுண்ணி ஆகியவை விட்டு விட்டே மலத்தில் வெளிப்படுவதால், ஒரு முறை இல்லை என்று வந்தால் முடிந்துவிட்டதாகாது. அதன்பிறகு, நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதத்தையோ, மிகச் சிறு துணுக்குகளாக உடைக்கப்பட்ட புரதம் கொண்ட உணவையோ மட்டும் கொடுத்துப் பார்க்கும் சோதனை. உணவால் குணமாகும் வகைக் குடல் நோய்தான் நீடித்த நோய்களில் மிகப் பெரிய பங்கு. குணம் தெரிவதானால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும்.

பேய்ப்பசியோடு தின்றும் மெலிந்துகொண்டே போய், வெளிறிய, மிக அதிகமான மலம் கழிக்கும் நாய்க்கு, குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டுக்கு, கணையத்தின் செரிமான நொதிக் குறைபாடு இருக்கலாம். வெளியூர்ப் பயணம், விருந்தினர் வருகை போன்ற பரபரப்புக்குப் பின் ஒவ்வொரு முறையும் சோர்வும் வாந்தியும் வந்து, நீர் ஏற்றியதும் அதிசயம்போலத் தேறிவிடும் நாய்க்கு, அட்ரீனல் சுரப்பி போதிய ஹார்மோனைச் சுரக்காத அடிசன் நோய் இருக்கிறதா என்று பார்க்கும்படி நீங்களே கேட்கலாம். பல ஆண்டுகள் வெறும் வயிற்றுக் கோளாறாகவே எண்ணப்பட்டு வரும் நோய் அது.

மருத்துவரிடம் போகும் நாளில், அன்று கழித்த மலத்தில் ஒரு தேக்கரண்டி அளவை மூடியுள்ள சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். உடனே போக முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் தனியாக மூடி வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். உணவு உறையின் பின்பக்கப் படம், மருந்துகளின் பெயர், எழுதிவைத்த தாள், வாந்தியின் காணொளி ஆகியவை கூட வரட்டும். பார்வோ இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், குட்டியை மருத்துவமனைத் தரையில் இறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த வைரஸ் தரையில் பல மாதங்கள் உயிரோடிருக்கும், சாதாரணச் சோப்புக்கு மடியாது. வீட்டுத் தரையை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுவிட்டுப் பிறகு அலச வேண்டும்.